ராத்தா அளந்த பிரஷர்

கேளாமலே தந்து, கேளாமலே எடுத்துக்கொள்ளும் வல்ல அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும்.

எங்கள் ராத்தா மவுத்தாகி இன்றோடு ஒரு வருடம். கத்தம் ஓத வந்து, சாப்பாட்டுக்கு முன் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், அயலவர்களுக்கும், ராத்தாவிடம் விஞ்ஞானம் படித்த பிள்ளைகளுக்கும் ஸலாம். இதை எழுதுபவள் அவருடைய ஒரேயொரு தங்கச்சி. என் வாய் பொல்லாத வாய் என்பது ஊருக்குத் தெரியும். "உன்ட வாயால எழுதினா வந்த ஆக்கள் சாப்பிடாமப் போயிருவாங்க" என்று எங்கள் சொந்த மாமா, உம்மாவின் தம்பி, சொன்னார். சாப்பாடு போதிய அளவு சமைத்திருக்கிறோம். இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

ஜனாஸா எடுத்த மூன்றாம் நாள் சந்தியில் ஒரு பதாகை கட்டினார்கள். "திக்ரினால் இரத்த அழுத்தத்தை வென்று காட்டிய விஞ்ஞான ஆசிரியை" என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது. மீன் வெட்டும் கத்தியோடு போய் அதை அறுத்து இறக்கியவள் நான்தான். கட்டியவர்கள் நல்ல மனதோடுதான் கட்டினார்கள். இருந்தாலும் அது பொய். அந்தப் பொய்யைச் சாகடிக்கத்தான் ராத்தா கடைசி வரை பாடுபட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: "மலர் கிலர் அடிச்சா உள்ளத எழுது, புள்ள. எழுத ஏலாட்டி அடிக்காத. சோத்தக் குடுத்து ஆக்கள அனுப்பு."

ஆகவே உள்ளதை எழுதுகிறேன்.

ராத்தா பிறந்தது நிந்தவூரில், உம்மாவின் வீட்டில். வாப்பாவுக்குச் சவளக்கடைப் பக்கம் வயல் இருந்தது. ராத்தா உயர்தரம் படித்துக்கொண்டிருந்த யுத்த காலத்தில், ஒரு போகம் நெல் வெட்டுக்குப் போன வாப்பா திரும்பி வரவில்லை. யார் கொண்டு போனார்கள், எங்கே போட்டார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. அடக்க மையித்துக் கிடைக்காமலே உம்மா விதவைக்குரிய இத்தா இருந்தார். அந்த நாளில் தொடங்கியதுதான் உம்மாவின் பிரஷர். அந்த வருடமே ராத்தா சோதனை எழுதினார், பாஸ் பண்ணினார். அழுதுகொண்டே எழுதினார் என்று சிலர் சொல்வார்கள். அழவில்லை. ராத்தா எதற்கும் அழுகிற ஆள் இல்லை. அது எனக்கு எப்போதும் பிடிக்காத குணம்.

விஞ்ஞான டீச்சராகிக் கலியாணம் முடித்தார். நம் வழக்கப்படி பெண் பிள்ளைகளுக்கு வீடு. வாப்பா உயிரோடு இருக்கும்போதே இரண்டு வளவு நிலம் வாங்கிப் போட்டிருந்தார். கடல் பக்கத்து வளவு ராத்தாவுக்கு, மெயின் ரோட்டுப் பக்கத்து வளவு எனக்கு. எனக்கு பஸ் இரைச்சலும் புழுதியும், ராத்தாவுக்கு நல்ல காற்று. அதற்காக நான் எத்தனை நாள் உம்மாவோடு சண்டை பிடித்திருக்கிறேன்! அந்தக் காற்று வீட்டைத்தான் கடல் அடித்துக்கொண்டு போனது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. ராத்தா ரோட்டுப் பக்கத்தில் டியூசன் வகுப்பில் நின்றார். அன்று அவர் "அலைகள்" பாடம் நடத்திக்கொண்டிருந்தார் என்று யாரோ கதை கட்டி விட்டிருக்கிறார்கள். பொய். அன்றைக்கு நடந்தது சமிபாடு, தின்றது செரிக்கும் பாடம். வீட்டில் மச்சானும் ராத்தாவின் ஏழு வயது மகனும் இருந்தார்கள். இரண்டு பேரையும் மற்ற மையித்துகளோடு சேர்த்து அன்றைக்கே ஒரே குழியில் அடக்கிவிட்டார்கள். தேடித் தேடி ராத்தா போய்ச் சேரும்போது மண் மூடியாயிற்று. கடைசி முகம் காட்டவில்லை. அவசரத்தில் என்ன செய்வது என்று மண்வெட்டியோடு நின்றவர்கள் சொன்னார்கள். அவர்களையும் நான் குறை சொல்லவில்லை, அவர்களிலும் பாதிப்பேர் தங்கள் பிள்ளைகளை அடக்கிவிட்டு நின்றவர்கள்.

பிறகு ராத்தா இருந்த அகதி முகாமுக்கு ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்தார்கள். ஒருவர், "டீச்சர், இது நம்மட பாவத்துக்கு வந்த தண்டன" என்றார். ராத்தா கேட்டார்: "ஓம். என்ட மகன்ட பாவம் எது? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க." வந்தவர் தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழும்பிப் போனார். இன்னொருவர் படித்தவர். கடலுக்கு அடியில் தட்டுகள் எப்படி நகர்ந்தன என்று கடதாசியில் கீறிக் காட்டினார். ராத்தா அதையும் கேட்டுவிட்டு, "இது எனக்குத் தெரியும். நான் படிப்பிக்கிற பாடம்" என்றார். அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னார்: "ஒருத்தர் ஏன் எண்டு சொல்றார், மற்றவர் எப்படி எண்டு சொல்றார். ரெண்டு பேரும் என்ட வீட்ட மிதிச்சிட்டுப் போறாங்க, புள்ள."

என் வீட்டுக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன். உம்மாவும் என்னோடுதானே இருந்தார். ராத்தா முகாமில்தான் இருப்பேன் என்று நின்றார். "அங்க ஆருக்கும் என்ட மூஞ்சியப் பாத்து அழத் தேவல்ல. அவங்களுக்கு அவங்கட அழுகையே காணும்" என்றார். தகரக் கொட்டில். பகலில் அடுப்பு மாதிரிச் சுடும், மழை பெய்தால் காது அடைக்கும். அங்கிருந்த பெண்கள் ஒருவருக்கும் நித்திரை இல்லை. கண்ணை மூடினால் தண்ணீர் வந்தது.

வெளியூரிலிருந்து ஒரு குழு தியானம் பழக்க வந்தது. வந்தவர்கள் பாயில் பெண்களை வரிசையாக இருத்தி, மெல்லிய குரலில், "கண்ணை மூடுங்கள். அமைதியான ஒரு கடற்கரையில் இருப்பதாக நினையுங்கள். அலை மெல்ல மெல்ல உங்கள் பாதத்தைத் தொடுகிறது" என்று சொன்னார்கள். இதை நான் இட்டுக்கட்டவில்லை, அந்தப் பாயில் நானும் இருந்தேன். ஒருத்தி சத்தம் போட்டுக்கொண்டு வெளியே ஓடினாள். இன்னொருத்தி இருந்த இடத்திலேயே வயிற்றில் இருந்ததையெல்லாம் சத்தி எடுத்தாள். ராத்தா எழும்பி அந்தக் குழுவிடம் மரியாதையாகச் சொன்னார்: "நீங்க போயிட்டு வாங்க. இனி நாங்க பாத்துக்கிறம்."

அன்று அஸர்த் தொழுகைக்குப் பிறகு தொடங்கியதுதான் ராத்தாவின் கூட்டம். புதிதாக அவர் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. நம் உம்மாமார் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி ஓதி வந்த திக்ர்தான். வாயால் ஓதி, குரலைக் குறைத்து, கடைசியில் மூச்சோடு மட்டும் ஓதி, பிறகு சும்மா இருப்பது. கண்ணை மூடச் சொல்லவில்லை. "திறந்தே வெச்சிருங்க. ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கங்க" என்றார். இரண்டு வாரத்தில் சிலருக்கு நித்திரை வந்தது. மூன்று பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒருத்தி இருந்தாள், அவள் ஒரு நாள் திக்ருக்கு நடுவிலேயே பாயில் சாய்ந்து குறட்டை விட்டாள். அவளை எழுப்ப வேண்டாம் என்று எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சுனாமிக்குப் பிறகு அந்த முகாமில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அதோடு விட்டிருக்கலாம். ராத்தா விடவில்லை. விஞ்ஞான டீச்சர் அல்லவா! நித்திரை வருகிறது என்று ஆட்கள் சொல்வது அவருக்குக் காணாது. அளந்து பார்க்க வேண்டும். முகாமுக்கு வந்து போன டொக்டரிடம் கேட்டு ஒரு பிரஷர் கருவி வாங்கினார், குழாயில் பாதரசம் ஏறி இறங்கும் பழைய கருவி. கூட்டத்துக்கு வரும்போது வாசல் மேசையில் வைத்து ஒரு தரம் அளப்பார். திக்ர் முடிந்து உள்ளே ஒரு தரம் அளப்பார். இறங்கியிருந்தது. ஒருவருக்கு இல்லை, இருவருக்கு இல்லை, கிட்டத்தட்ட எல்லோருக்கும், அளந்த நாளெல்லாம் இறங்கியிருந்தது.

அன்றைக்கு ராத்தாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வாப்பா காணாமல் போன காலத்திலிருந்து நான் காணாத முகம். "தங்கச்சி, அவன் இரிக்கிறான், புள்ள. இரசத்தில தெரியுது" என்றார். அல்லாஹ் இருப்பதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ராத்தாவுக்கு இருந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு என்ன, டீச்சருக்குப் பேர் பரவியது. பாடசாலை மண்டபங்களில் "விஞ்ஞானமும் ஆன்மீகமும்" என்று பேசக் கூப்பிட்டார்கள். பத்திரிகையில் படம் வந்தது. முன்னால் தண்டனை என்று சொன்ன ஆளே வந்து, "டீச்சர் ஈமானுக்கு அத்தாட்சி காட்டிட்டாங்க" என்று மேடையில் அழுதார். குடும்பத்தில் நாங்களும் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தோம்.

உம்மா ஆட்டோவில் ஒவ்வொரு நாளும் முகாமுக்குப் போய் முன் வரிசையில் இருப்பார். பெற்ற மகளின் கூட்டம் அல்லவா. உம்மாவின் பிரஷரும் இறங்கியது. டொக்டர் பிரஷருக்குக் கொடுத்த குளிசை அவருக்குப் பிடிக்காது. "குளிச திண்டா தல சுத்துது மகள். ஓதினாச் சுகமா இரிக்கி" என்று ராத்தாவிடம் ஓயாமல் சொல்வார். ராத்தா கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்தினார். டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று நான் சொன்னேன். "நான் அளந்து பாத்துத்தானே செய்யிறன். நீ வாய மூடு" என்றார். அதைப் பார்த்துக் கூட்டத்தில் இன்னும் பலர் குளிசையை நிறுத்தினார்கள். டீச்சரின் உம்மாவே நிறுத்திவிட்டார் என்றால் வேறென்ன வேண்டும்?

முகாம் கலைந்த பிறகு ராத்தா என் வீட்டுக்கு வந்தார். கூட்டம் என் வீட்டு மண்டபத்தில் தொடர்ந்தது. சில வருடங்கள் நன்றாகத்தான் போனது. யுத்தம் முடிந்த அந்த வருடத்தின் தொடக்கத்தில் ஒரு சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி உளூ செய்யப் போன உம்மா, கிணற்றடியில் விழுந்தார். பாரிசவாதம். வலது பக்கம் செத்துப் போயிற்று. வாய்ப் பேச்சும் போயிற்று. கண்ணும் இடது கையும் மட்டும் மிஞ்சின. காது நன்றாகக் கேட்டது, அதுதான் கொடுமை.

"கத்ர், அல்லாஹ் எழுதின விதி" என்றார்கள் எல்லோரும். ராத்தாவும் அப்படியே இருந்திருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டி வந்திராது.

உம்மாவை வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு ராத்தாதான் அவருடைய பிரஷரை அளப்பார். ஒரு நாள் உம்மாவின் கையைத் திறந்து கருவியின் பட்டியைச் சுற்றப் போகும் நேரம், நோய் பார்க்க என்று ஒன்றுவிட்ட மாமா ஒருவர் கதவடியில் வந்துவிட்டார். உம்மா இடது கையால் போர்வையை இழுத்துக்கொண்டு தவித்தார். ஒன்றுவிட்ட மாமா என்றாலும் மார்க்கப்படி அந்நிய ஆண், அவருக்குக் கை தெரியக் கூடாதே! ராத்தா அவசரமாக உம்மாவின் தடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டு, அதற்கு மேலாலேயே பட்டியைச் சுற்றி அளந்தார். பிரஷர் உச்சத்தில் நின்றது. மாமா போனதும் பயந்துபோய், கையைத் திறந்து மறுபடி அளந்தார். இறங்கியிருந்தது. இடையில் யாரும் ஒரு எழுத்தும் ஓதவில்லை.

ராத்தா பட்டியைக் கழற்றினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, என் கையில் சட்டைக்கு மேலால் ஒரு தரம், சட்டையைச் சுருட்டி ஒரு தரம் அளந்தார். சட்டைக்கு மேல் போடும் என் ஹபாயாவைப் போடச் சொல்லி, ரோட்டு வரை நடந்து போய் வரச் சொல்லி, அதற்கு மேலால் அளந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"முகாமில வாசல்ல அளந்தனே, நினைவிரிக்கா?" என்றார். "வெயில்ல நடந்து வந்து, மூச்சு வாங்கிக்கிட்டு, ஹபாயாவோட. வெளிய ஆம்பிளையள் நிண்டாங்க, ஆரு கையத் திறப்பா? சட்டைக்கு மேலாலதான் அளந்தன். உள்ள வந்து, திரையப் போட்டு, ஹபாயாவக் கழட்டி, நல்லா இருந்து ஆறின பிறகு வெறுங்கையில அளந்தன். இறங்காம என்ன செய்யும்?"

அதோடும் விடவில்லை. அடுத்த நாள் அயல் வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, வாசலில் சட்டைக்கு மேலால் அளந்து, உள்ளே இருத்தி, திக்ர் வேண்டாம், சும்மா கதையுங்கள் என்றார். அவர்கள் வேறென்ன கதைப்பார்கள்? நாலாம் வீட்டு மருமகளைப் பற்றிக் கோள் சொன்னார்கள். முடிந்ததும் கையைத் திறந்து அளந்தார். எல்லோருக்கும் அழகாக இறங்கியிருந்தது. "பாத்தியா, கோள் சொன்னாலும் இறங்குது" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எந்த மனுசிக்கும் வர வேண்டாம், யா அல்லாஹ்.

கேள்விப்பட்டு எங்கள் சொந்த மாமா ஓடி வந்தார். "வெளிய சொல்லாத புள்ள. உங்கட உம்மாட கத்ர் அது. நீ சொன்னா ஆக்கள் திக்ரயே விட்டுருவாங்க. ஈமான்ல கை வைக்காத" என்றார். ராத்தா சொன்னார்: "குளிசய விட்டவங்க இன்னும் எத்தின பேர் இரிக்காங்க மாமா? ஈமானோட அவங்களும் கிணத்தடியில விழணுமா?"

முதலில் உம்மாவிடம் சொன்னார். கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, ஒன்றும் மறைக்காமல், பாடம் சொல்வது போல் எல்லாவற்றையும் சொன்னார். "நான் அளந்தது பிழை, உம்மா. உங்களுக்குக் குளிச தேவப்பட்டிச்சு. நான்தான் நிப்பாட்டினன். பொறுத்துக்கங்க." உம்மா முழுவதையும் கேட்டார். பிறகு இடது கையால் தன் சட்டைக் கையைப் பிடித்து மணிக்கட்டு வரை இழுத்து மூடிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அன்றிலிருந்து ராத்தா ஊட்டினால் வாயைத் திறக்க மாட்டார். நான்தான் ஊட்டினேன். ராத்தா கஞ்சி காய்ச்சுவார், நான் கொண்டு போய்க் கொடுப்பேன்.

கூட்டத்தில் சொன்ன நாள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்த நாள். சந்தியில் பால்சோறு கொடுத்தார்கள், வெடி கொளுத்தினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் என் வீட்டு மண்டபத்தில் இருந்த பெண்கள் குலுங்கினார்கள். அந்த வெடிச் சத்தத்துக்கு நடுவில் ராத்தா சொன்னார். வாசலில் எப்படி அளந்தார், உள்ளே எப்படி அளந்தார், உம்மாவுக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிட்டு, "நாளைக்கே எல்லாரும் கிளினிக்குக்குப் போங்க. குளிசயத் திரும்பப் போடுங்க" என்றார்.

குறட்டை விட்டாளே, மூன்று பிள்ளைகளைக் கொடுத்தவள், அவள் எழும்பி நின்றாள். "டீச்சர், எங்களுக்கு மிஞ்சி இருந்தது இது ஒண்டுதான். கடல் எடுத்தது காணாதெண்டு நீங்க இதையும் எடுக்கிறீங்களா?"

"நான் திக்ர எடுக்கல்ல" என்றார் ராத்தா. "உங்களுக்கு நித்திர வந்தது உண்ம. அத அளக்க என்னட்ட ஒண்டும் இல்ல. அளக்கக் கூடியத அளந்தன், பிழையா அளந்தன். உங்கட கையால வீசின குளிசயத்தான் திருப்பித் தாறன்."

அவள் நிலத்தில் துப்பிவிட்டுப் போனாள். பின்னால் மற்றவர்களும் போனார்கள். அன்று தொடங்கி டீச்சருக்கு ஈமான் போய்விட்டது என்று ஊர் கதைத்தது. பாடசாலைச் சுவரில் அசிங்கமாக எழுதினார்கள். மேடையில் அழுதவர் ரோட்டில் கண்டால் மறுபக்கம் போனார். ஆனால் பெரும்பாலானவர்கள் ஏசிக்கொண்டே கிளினிக்குக்குப் போய்க் குளிசையைத் தொடங்கினார்கள். துப்பியவள் போகவில்லை. அடுத்த நோன்புக்கு முன் அவளும் விழுந்தாள், எழும்பவில்லை. மையித்து வீட்டுக்குப் போன ராத்தாவை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

உம்மா அதற்கு அடுத்த வருடம் மவுத்தானார். கடைசி நேரத்தில் உம்மா ராத்தாவின் தலையைத் தடவி மன்னித்தார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்படிச் சொல்லும்படி என்னையும் பலர் கேட்டார்கள். நான் அந்தக் கட்டிலடியில்தான் நின்றேன். ராத்தா காலைப் பிடித்துக்கொண்டு கேட்டார். உம்மா சுவரைத்தான் பார்த்தார்.

பிறகும் ராத்தா அஸருக்குப் பிறகு இருந்தார். தனியாக, சில நாள் என்னோடு. கருவியைத் துணியால் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார். இப்போது எதற்கு என்று ஒரு நாள் வாய் துடுக்காகக் கேட்டேன். "முந்தி அவனிட்ட அத்தாட்சி கேட்டு இருந்தன். கடக்காரனிட்ட பில் துண்டு கேக்கிற மாதிரி. இப்ப ஒண்டும் கேக்கல்ல. சும்மா இரிக்கன்" என்றார். பக்கத்தில் தண்ணீரும் அவருடைய குளிசையும் இருக்கும். அவருக்கும் உம்மாவின் நோய் வந்திருந்தது. குளிசையும் தவறவில்லை, திக்ரும் தவறவில்லை. இரண்டும் இருக்கத்தக்கதாகத்தான் இதயம் நின்றது. இதிலிருந்து ஒருவரும் ஒன்றையும் நிரூபிக்க வேண்டாம்.

நன்றி சொல்ல வேண்டும். கடைசி நாட்களில் பார்த்த டொக்டர்மாருக்கும் தாதி மிஸிமாருக்கும், ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், யாஸீன் ஓதியவர்களுக்கும், இன்று சமைத்தவர்களுக்கும் எங்கள் நன்றி. ராத்தாவை ஏசிக்கொண்டே குளிசை போட்டவர்களுக்குத்தான் எல்லோரையும் விடப் பெரிய நன்றி. நீங்கள் உயிரோடு வந்து இருக்கிறீர்கள், அதுதான் ராத்தா கேட்டது. அவருக்காகத் துஆச் செய்யுங்கள். அவரை மன்னித்துவிடுங்கள் என்று நான் உங்களிடம் கேட்கமாட்டேன். அது உம்மாவின் கையில் இருந்தது, உம்மா கொண்டு போய்விட்டார்.

சாப்பிட்டு முடிந்ததும் பெண்கள் உள்ளறைக்கு வாருங்கள். திரை கட்டியிருக்கிறேன், ஆண்கள் யாரும் வரமாட்டார்கள். ராத்தாவின் கருவியோடு நான் இருப்பேன். கொஞ்ச நேரம் இருந்து, மூச்சு ஆறிய பிறகு அளப்போம். ஹபாயாவைக் கழற்றிவிட்டுக் கையைத் திறந்து தாருங்கள்.